சிதம்பரம் வரைக்கும் நீங்க பேசக்கூடாது

கல்வராயன் மலையில் கோடை விடுமுறையில் நடக்கும் வாலிபர் முகாமுக்கு முதலுதவி செய்ய நர்ஸ் ஒருத்தர் வேண்டும், சம்பளம் கிடையாது, ஊழியமாக நினைத்து வர வேண்டும் என்று எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. யாரும் யோசிக்கத் தொடங்குவதற்குள் நான் பதில் போட்டுவிட்டேன். கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். மிச்சம் இருந்த லீவையெல்லாம் சேர்த்து எடுத்தேன். சபையில் இருந்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். ஆண்டவருக்காக லீவு போடுகிற ஆட்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் என்றார்கள்.

நான் ஆண்டவருக்காகப் போகவில்லை. அந்த முகாமை நடத்தும் மனிதரைப் பழிவாங்கப் போனேன்.

அதற்கு முந்தின வருஷம் என் மகள் அந்த முகாமுக்குப் போயிருந்தாள். அப்போது சிதம்பரத்தில் காலேஜ் முதல் வருஷம் முடித்திருந்தாள், ஹாஸ்டல் வாசம். கூடப் படிக்கும் பெண்கள் கூப்பிட்டார்கள் என்று போனாள். பிளஸ் டூ படிக்கும்போதே அவளுக்கு ஒரு பயம் வந்திருந்தது. காரணமே இல்லாமல் மூச்சு முட்டும், கை நடுங்கும், சாகப் போகிறேன் என்று என் புடவையைப் பிடித்துக்கொள்வாள். புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார். மெல்ல மெல்லத் தேறினாள். தனியாக பஸ் ஏறி சிதம்பரத்துக்குப் போய்ப் படிக்கிற அளவுக்கு வந்தாள். அந்த மாத்திரையைப் பற்றி வீட்டில் மூன்று பேரைத் தவிர வெளியில் யாருக்கும் தெரியாது. அவளே அப்படித்தான் கேட்டிருந்தாள்.

முகாமில் ஆலோசனை நேரம் என்று ஒன்று உண்டு. ஒரு பலா மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முகாம் தலைவர் உட்கார்ந்திருப்பார். மனசில் பாரம் இருக்கிறவர்கள் வந்து சொல்லலாம், அது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும் என்பார். என் மகள் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பிரசங்கத்தில் அவர், கடலூரிலிருந்து ஒரு தங்கச்சி வந்திருக்குது, முதல் வருஷம் படிக்குது, மாத்திரை போட்டால்தான் தூங்குது, அது மாத்திரையை நம்புது, இயேசுவை நம்பல என்று பேசினார். பெயர் சொல்லவில்லை. கடலூரிலிருந்து வந்த முதல் வருஷப் பெண் அங்கே அவள் ஒருத்திதான். எல்லாத் தலையும் திரும்பின. அதோடு விடவில்லை. மேடைக்குக் கூப்பிட்டார், தலையில் கை வைத்து ஜெபித்தார், விசுவாசம் இருந்தால் அந்த மாத்திரையை எடுத்து வா என்றார். இருநூறு பேர் கை தட்டும்போது பத்தொன்பது வயசுப் பெண் என்ன செய்வாள்? எடுத்து வந்து கொடுத்தாள். அன்று சாயந்திரம் முகாம் நெருப்பில் அந்த அட்டையைப் போட்டார்கள். பாட்டுப் பாடினார்கள். ஒருத்தர் வீடியோ எடுத்தார்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று நர்ஸான எனக்குத் தெரியும். ஆனால் அவள் நிறுத்தியது எனக்குத் தெரியாது. திரும்ப மாத்திரை போடச் சொல்லிவிடுவேன், போட்டால் தனக்கு விசுவாசம் இல்லை என்று ஆகிவிடும் என்று என்னிடம் மறைத்தாள். காலேஜ் திறந்து கொஞ்ச நாளில் ஹாஸ்டல் வார்டன் போன் செய்தார். ஹாஸ்டல் குளியலறையில் அவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். உயிர் தங்கியது. ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் பக்கத்தில் நான் அம்மாவாக உட்காருவதா, நர்ஸாக நிற்பதா என்று தெரியாமல் இருந்த அந்த வாரங்களை என்னால் மறக்க முடியாது. ஒரு வருஷப் படிப்பு போயிற்று. தலைமுடியைத் தானே கத்திரிக்கோலால் வெட்டிக்கொண்டாள். வீட்டில் கதவைத் தாழ் போட விடாமல் பார்த்துக்கொண்டோம்.

அந்த வீடியோ மட்டும் நன்றாக இருந்தது. அவர்கள் யூடியூப் சேனலில் 'விடுதலை' என்று தலைப்பு வைத்துப் போட்டிருந்தார்கள். நெருப்பு வெளிச்சத்தில் என் மகள் முகம், கண்ணீர், பின்னால் அவர் குரல். வேலை முடிந்து வந்து மொட்டை மாடியில் நின்று அதைப் பார்ப்பேன். என் மகளைப் பார்க்க இல்லை. அவர் முகத்தை மனசில் பதிய வைத்துக்கொள்ள.

கிளம்பும்போது மகளிடம் கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு மருத்துவ முகாம் என்று சொன்னேன். செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவருக்கு மட்டும் உண்மை தெரியும். வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. எங்கள் பழைய காரை எடுத்துக்கொண்டு தனியாகவே மலை ஏறினேன்.

முகாம் இடம் ஊர்களை விட்டு ரொம்பத் தள்ளி இருந்தது. மரவள்ளிக் காடுகளைத் தாண்டி, தார் ரோடு முடிந்து, மண் ரோட்டில் போக வேண்டும். தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கூடம், பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி ஷெட், சமையல் கொட்டகை, அதை ஒட்டி எனக்கு ஒரு சின்ன அறை. போனில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டி மேடைக்கு ஏறிப் போக வேண்டும். காரை நிறுத்திவிட்டு இறங்கியதும் முதலில் வந்து என் பையை வாங்கியவர் அவர்தான்.

"ஆண்டவர்தான் உங்கள அனுப்பியிருக்காரு சிஸ்டர்," என்றார்.

யார் அனுப்பினார்கள் என்று அப்புறம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். சிரித்தேன்.

அவர் கெட்டவராகத் தெரிந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அவர் அப்படி இல்லை. நாற்பது வயசு இருக்கும். அரிசி மூட்டையைத் தானே தோளில் தூக்கினார். பிள்ளைகள் சாப்பிட்ட தட்டுகளை அவர்களோடு உட்கார்ந்து கழுவினார். கிடார் வாசித்தார். ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரியெல்லாம் விழித்திருந்து ஈரத்துணி மாற்றினார். அதையெல்லாம் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் கூடிற்றே தவிரக் குறையவில்லை. இத்தனை நல்லவனுக்கு அந்த ஒரு விஷயம் ஏன் புரியவில்லை? யாரும் புரிய வைக்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள், அவ்வளவுதான்.

பலா மரத்தடியில் அந்த இரண்டு நாற்காலிகளையும் பார்த்தேன். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. எதில் என் மகள் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. இரண்டையும் உடைக்க வேண்டும் போல இருந்தது.

உடைக்கவில்லை. வேறொன்று செய்தேன். முதலுதவி அறைக்குப் பெண் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். வயிற்று வலி, கால் சுளுக்கு, எறும்புக் கடி. வந்த ஒவ்வொருத்தியிடமும் நான் மெதுவாகச் சொன்னேன்: மரத்தடிக்குப் போய் எதையும் சொல்லாதே, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாய் என்றால் என்னிடம் மட்டும் சொல், நேரத்துக்குப் போடு, யாருக்கும் காட்டாதே. பெண்களிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் ஷெட் முழுக்கப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். போயிற்று. ஆலோசனை நேரத்தில் பிள்ளைகள் கூட்டம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் யாருமே வரவில்லை. மனுஷர் சிவப்பு நாற்காலியில் வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருந்தார். நான் என் அறை ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே பஞ்சு கத்தரித்தேன். அந்த முகாமில் நான் நிம்மதியாகக் காபி குடித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அது போதாது. கடைசி நாளுக்கு முந்தின நாள் மாலை சாட்சி நேரம் இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுந்து ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்லலாம். அதற்காகத்தான் நான் லீவு போட்டு வந்திருந்தேன். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். போன வருஷம் இந்த இடத்தில் ஒரு பெண்ணின் மாத்திரையை எரித்தீர்கள், அவளைப் பெற்றவள் நான், அவளுக்கு அப்புறம் என்ன ஆனது தெரியுமா என்று ஆரம்பித்து ஒவ்வொரு வார்த்தையும். அவர் முகம் எப்படி மாறும் என்றுகூட நினைத்துப் பார்த்திருந்தேன்.

என் முறை வந்ததும் எழுந்து மேடைக்குப் போனேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நர்ஸ் ஆன்ட்டி பேசுகிறார்கள் என்று பிள்ளைகள் ஆசையாக போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பத்து, இருபது போன்கள். என் மகளை எடுத்த மாதிரியே என்னையும் எடுக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் அவள் குளியலறையும், வெட்டிய முடியும், டாக்டர் பெயரும் இந்தப் போன்களுக்குள் போய்விடும். நாளைக்கே யாராவது தலைப்பு வைத்துப் போடுவார்கள். அவர் செய்ததையே நானும் செய்தவள் ஆவேன், அதுவும் அவளைப் பெற்றவளாக இருந்துகொண்டு.

தண்ணியை எல்லாரும் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொன்னேன். மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். தோற்றுப்போய் ஊருக்குத் திரும்புவதாகத்தான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் மனைவி என் அறைக்கு ஓடி வந்தார். சாதுவான பெண். கண்ணாடி போட்டு, எப்போதும் போனும் கையுமாக இருப்பார். சேனல் வேலையெல்லாம் அவர்தான். "சிஸ்டர், அவருக்குக் குரலே வரல," என்றார். முந்தின நாள் ராத்திரி, சாட்சி நேரம் முடிந்த பிறகு கரெண்ட் போய் மைக் இல்லாமல் கத்திப் பிரசங்கம் செய்திருந்தார். மலைக் குளிர் வேறு. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். தொண்டை செக்கச் செவேலென்று வீங்கியிருந்தது. காய்ச்சலும் இருந்தது.

பேசக் கூடாது என்று சொன்னேன். அது சரியான வைத்தியம்தான். ஆனால் நான் அதைச் சொன்ன விதம் வேறு. பேசினால் குரல் நாணில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அப்புறம் வாழ்நாள் முழுக்கப் பாட முடியாது, கிசுகிசுவென்றுகூடப் பேசக் கூடாது என்று முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். அன்று நிறைவுச் செய்தி அவருடையது. வருஷம் முழுக்க அதற்காகத் தயார் செய்வாராம். அதை வேறொருத்தர் பேசினார். இவர் முதல் வரிசையில் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இடையிடையே போய் நிலவேம்புக் கஷாயம் கொடுத்தேன். கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட்டுக் காய்ச்சினேன். ஒவ்வொரு வாய்க்கும் அவர் முகம் போகிற போக்கை நின்று பார்த்தேன்.

மதியம் கிளம்பும் நேரத்தில் அவர் மனைவி மறுபடி வந்தார். முகாம் வேன் முழுக்கப் பிள்ளைகள், ஜன்னல் எல்லாம் திறந்தே வரும், தூசி, காய்ச்சலோடு அவரை அதில் எப்படிக் கூட்டிப் போவது, உங்கள் காரில் ஏசி இருக்கிறதே, சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு நீங்கள் கடலூர் போகலாமா என்று கேட்டார். சுற்றுவழிதான். நான் உடனே சரி என்றேன். ஆண்டவர்தான் உங்களை அனுப்பினார் என்று அவரும் சொன்னார். அந்த ஒரு முறை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மலை இறக்கத்தில் பின்சீட்டில் உட்கார்ந்தால் அவருக்கு வாந்தி வரும் என்று முன்சீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவி பின்னால். மலை இறங்கும்வரை நான் ஒன்றும் பேசவில்லை. வளைவுகளில் கவனம் இருந்தது. சின்னசேலம் தாண்டிச் சமவெளிக்கு வந்ததும் போனில் சிக்னல் வந்தது. மனைவி முகாம் படங்களை ஏற்றிக்கொண்டே சேனலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எத்தனை பேர் பார்க்கிறார்கள், எந்தெந்த நாட்டிலிருந்து ஜெபிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று.

"போன வருஷம் ஒரு பொண்ணு மாத்திரைய நெருப்புல போட்டுச்சு சிஸ்டர். நீங்க பாத்திருப்பீங்களே? அந்த வீடியோதான் ஜாஸ்தி பேர் பாத்தது," என்றார்.

முன்னால் போன ஒரு லாரியை முந்திவிட்டுக் கேட்டேன்.

"பாத்தேன். அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்குது?"

"ஆண்டவர் கிருபையில நல்லாருப்பா."

"விசாரிச்சீங்களா?"

கண்ணாடியில் பார்த்தேன். மனைவி போனிலிருந்து தலையைத் தூக்கியிருந்தார். வேப்பூர் கூட்டுரோட்டில் லாரிகள் நின்றிருந்தன. அவை நகரும்வரை காத்திருந்தேன். அப்புறம் சொன்னேன்.

"அது என் பொண்ணு."

பக்கத்துச் சீட்டில் இருந்தவர் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

"நீங்க பேசக்கூடாது பிரதர். சிதம்பரம் வரைக்கும் நீங்க பேசக்கூடாது. தொண்டை போயிடும்," என்றேன்.

நான் பேசினேன். மேடைக்கென்று மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. என்ன வந்ததோ அதைச் சொன்னேன். ஹாஸ்டலிலிருந்து போன் வந்தபோது நான் ஒரு பாட்டிக்கு டிரிப் ஏற்றிக்கொண்டிருந்தேன் என்பதிலிருந்து சொன்னேன். இங்கே எழுத மாட்டேன் என்றேனே, அதையும் அவர்களுக்குச் சொன்னேன். ஒன்று விடாமல், எந்த வார்த்தையையும் மெதுவாக்காமல். ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் முதலில் கேட்டது, அம்மா எனக்கு விசுவாசம் இல்லாததாலதான் இப்படி ஆயிடுச்சா என்று. அதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் உடைந்தது. காரை ஓரம் கட்டவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தேன். எண்ணெய்ப் பனை, சவுக்கு, கரும்பு, எல்லாம் இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருந்தன.

அவர் போனை எடுத்து ஏதோ தட்டி என் முகத்துக்கு நேராக நீட்டினார். வண்டி ஓட்டும்போது என்னால் படிக்க முடியாது என்றேன். பின்னால் இருந்து மனைவி கை நீட்டிப் போனை வாங்கினார். சத்தமாகப் படித்தார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது சிஸ்டர்னு எழுதியிருக்காரு."

அப்புறம் போனைத் திருப்பிக் கொடுக்காமலே கணவரைக் கேட்டார்.

"ஏன் தெரியாது? அந்தப் பொண்ணு நம்பர் நம்மகிட்ட இருந்துச்சே. நானாவது கேட்டேனா, நீங்களாவது கேட்டீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்தது. எனக்கு இரக்கம் வரும் என்று பயந்திருந்தேன். வரவில்லை. இன்னும் அழட்டும் என்றுதான் இருந்தது.

விருத்தாசலத்தில் டீக்கடை முன்னால் நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. நானும் அவர் மனைவியும் இறங்கினோம். மனைவி கடை பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் இருந்தார். பொண்ணு இப்போது சாப்பிடுகிறாளா என்று கேட்டார். சாப்பிடுகிறாள் என்றேன். முடி வளர்ந்துவிட்டதா? காதுக்குக் கீழே வந்திருக்கிறது என்றேன். தூக்கம்? மாத்திரை போட்டால் தூங்குகிறாள் என்றேன், அந்த மாத்திரை என்ற வார்த்தையை அழுத்தி. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவிமேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஆனாலும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.

அவருக்குச் சூடாக ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி மனைவி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினார். நான் வாங்காமல் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். மனைவிதான் வாங்கிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தார்.

கம்மாபுரம் தாண்டும்போது தூரத்தில் சுரங்க மண்மேடு மலை மாதிரி தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் அவர் மனைவி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தார். சேத்தியாத்தோப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சொன்னார்.

"வீடியோவ எடுத்துட்டேன் சிஸ்டர். பேஸ்புக்லயும் எடுத்துட்டேன். மத்தவங்க போட்டது எங்கெங்க இருக்குதோ தேடி எடுக்கச் சொல்றேன்."

அவர் சட்டென்று பின்னால் திரும்பி மனைவியைப் பார்த்தார். கோபமா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. மனைவி அவரைப் பார்க்கவே இல்லை. நான் நன்றி என்று சொல்லவில்லை. எங்களிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்கு எதற்கு நன்றி?

புவனகிரி தாண்டிச் சிதம்பரத்துக்குள் நுழையும்போது வெயில் இறங்கியிருந்தது. கோபுரங்களைச் சுற்றிக்கொண்டு, மேலவீதியைத் தாண்டி ஒரு சந்துக்குள் அவர்கள் வீடு. மனைவி இறங்கிப் பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போகும்போது என் தோளை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனார். அவர் மட்டும் காரை விட்டு இறங்கி, என் பக்கத்து ஜன்னலுக்குச் சுற்றி வந்து நின்றார். கும்பிட்டார். நான் பேசக் கூடாது என்று சொன்னதையும் மீறிப் பேசினார். தகரத்தைத் தரையில் தேய்க்கிற மாதிரி இருந்தது குரல்.

"என்ன மன்னிச்சிடுங்க சிஸ்டர்."

இந்த வார்த்தை வரும் என்று மலையிலிருந்தே எனக்குத் தெரியும். விசுவாசியான எனக்கு இதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது என்று அவர் நம்பினார். எந்தச் சபையில் கேட்டாலும் அதே பதில்தான் சொல்வார்கள். அவர் கண்ணில் அந்த எதிர்பார்ப்பு இருந்ததைப் பார்த்தேன். ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும், உள்ளே போய் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டுத் தூங்கிவிடுவார். அடுத்த வருஷம் இதையே ஒரு சாட்சியாகச் சொல்லுவார்.

"மாட்டேன்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேதத்துல..."

"தெரியும் பிரதர். என்ன எழுதியிருக்குதுன்னு எனக்கும் தெரியும். நான் மாட்டேன். இத நீங்க எங்கயும் எந்த மேடையிலயும் சொல்லக்கூடாது. சொன்னீங்கன்னு காதுல விழுந்துச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

கண்ணாடியை ஏற்றிவிட்டு காரை எடுத்தேன். சந்து முனையில் திரும்பும்போதும் அவர் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

கடலூர் ரோட்டில் ஏறியதும் எனக்குப் பயங்கரமாகப் பசித்தது. ஒரு பேக்கரியில் நிறுத்தி இரண்டு முட்டை பப்ஸ் வாங்கிக் காரில் உட்கார்ந்தே சாப்பிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அவர் முகம் மாறியது, மனைவி படித்த வரி, மாட்டேன் என்றதும் அவர் கண்ணில் வந்தது, இதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் பலமுறை நினைத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நன்றாகவே இருந்தது.

செம்மங்குப்பத்தில் என் கணவர் ஷிப்ட் முடிந்து ரோட்டோரம் நின்றிருந்தார். ஏறினார். அவர் சட்டையில் எப்போதும் இருக்கும் அந்தக் கெமிக்கல் வாடை காருக்குள் பரவியது. நடந்ததைச் சொன்னேன். ஓல்டு டவுன் பாலம் வந்ததும் கேட்டார்.

"இப்ப நிம்மதியா இருக்கா?"

"நிம்மதி இல்ல. ஆனா சந்தோஷமா இருக்குது," என்றேன்.

மன்னித்திருக்கலாம் என்று சொல்ல வந்தார் என்பது அவர் தொண்டையைச் செருமியதிலேயே தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

மகளிடம் மறைக்கக் கூடாது என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன். சாப்பிட்டு முடித்த பிறகு, மருத்துவ முகாம் என்று சொன்னது பொய் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரைக் கேட்டுப் போனாய் என்று கோபப்படுவாள் என்று பயந்தேன். கொஞ்சம் கோபப்பட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றாள். அது சரிதான் என்றேன். அப்புறம் வீடியோ உண்மையாகவே போய்விட்டதா என்று கேட்டு, போனை எடுத்துத் தானே தேடிப் பார்த்தாள். இல்லை. திரும்பத் திரும்பத் தேடினாள். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் கஷாயம் குடித்தபோது முகம் எப்படி இருந்தது என்று கேட்டாள். நடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய, கையால் மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். இன்னொரு தடவை காட்டச் சொன்னாள்.

அதற்கப்புறம் அந்த மனைவி எனக்குச் சில செய்திகள் அனுப்பினார். அவர் கொஞ்ச நாள் பிரசங்கமே செய்யவில்லை என்றும், இப்போது மறுபடி செய்கிறார் என்றும், மரத்தடி ஆலோசனையை நிறுத்திவிட்டு, படித்த ஆலோசகர் ஒரு பெண்ணை முகாமுக்கு வரவழைக்கப் போகிறார்கள் என்றும். நல்லது என்று மட்டும் பதில் போட்டேன். எங்கள் சபைப் போதகரான ஐயரைச் சமாதானம் பேச ஒரு முறை அனுப்பினார்கள். ஐயர் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, கசப்பு நம்மையே தின்றுவிடும் என்று பக்குவமாகச் சொன்னார். என் கசப்பு என்னைத் தின்னவில்லை ஐயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன் என்றேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

என் மகள் இப்போது மறுபடி படிக்கிறாள், கடலூரிலேயே. மாத்திரையை டாக்டர் குறைத்துக்கொண்டு வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு கோயிலுக்கு வருகிறாள். ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் அந்த ஜெபத்தில், பிறரை மன்னிப்பதைப் பற்றி ஒரு வரி வரும். அந்த வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன். வாய் அசைத்து நடிப்பதுகூட இல்லை. அது முடிந்து அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறேன். ஆரம்பத்தில் அவளும் பேசாமல்தான் நின்றாள். கொஞ்ச நாளாக அந்த வரியைச் சொல்கிறாள், மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு. நான் ஏன் என்று கேட்கவில்லை. என்னை அவளும் கேட்பதில்லை.